துபாய் ஃப்ளைட்டில் நோன்பு திறக்கும் நேரம்

கொச்சி மட்டாஞ்சேரியில் இருபத்தாறு வருஷம் ஃப்ளைட் டிக்கெட் போட்டவள் நான். கவுண்டரில் புதிதாக உட்காரும் பிள்ளைகள் என் சாமர்த்தியத்தைக் கேட்கிறார்கள். அசட்டுத்தனத்தைச் சொல்கிறேன், அதுதான் உதவும்.

கொச்சங்காடியில் மிளகு மொத்த வியாபாரம் செய்யும் கனி ராவுத்தர் நோன்பு மாசத்தில் வந்தார். துபாயில் மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. டிக்கெட்டை வாங்கியதும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"நாலரைக்கு ஏறி ஏழுக்கு எறங்குதா? ரெண்டரை மணி நேரத்துல துபாயா! இங்கேர்ந்து நெடும்பாசேரி ஏர்போர்ட் போகவே ரெண்டு மணி நேரம் ஆகுதே மோளே."

"இல்ல இக்கா. ரெண்டாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர், பறக்கிறது நாலு மணி நேரம். அங்க கடிகாரம் நம்மள விட ஒன்றரை மணி நேரம் பின்னால." டீச்சர் மாதிரி விளக்கினேன். எனக்கே பெருமையாக இருந்தது.

"சரி, ஃப்ளைட்ல நோன்பு எப்பத் தொறக்கலாம்?"

மேசைக் கண்ணாடிக்கடியில் பள்ளிவாசல் கொடுத்த நேர அட்டை கிடந்தது. எட்டிப் பார்த்து, "ஆறு நாப்பது," என்றேன். டிக்கெட்டுக்குப் பின்னால் எழுதிக்கொண்டார். பயணத்தில் நோன்பை விடச் சலுகை உண்டு. ஆனால் மனுஷன் நாற்பது வருஷமாக ஒன்றைக்கூட விட்டதில்லை.

அவர் கிளம்பிய அன்று சாயங்காலம் பாங்கு கேட்டது. பக்கத்து சீட் சுபைதா தண்ணீர் குடித்து நோன்பு திறந்தாள். "நம்ம ராவுத்தரும் இப்பத் தொறந்திருப்பார்," என்றேன்.

அவள் கிளாஸைக் கீழே வைத்தாள். "எங்கேர்ந்து? அவர் மேற்காலதானே போறார்! அங்க இன்னும் வெயில் அடிக்குமே சேச்சி. சூரியன் கண்ணு முன்னால நிக்கும்போது தொறந்தா அந்த நோன்பு போச்சு!"

ஒன்றரை மணி நேரக் கணக்கை அவருக்குப் பாடம் எடுத்ததே நான்தானே! போன் போட்டால் சுவிட்ச் ஆஃப். பாவி, நாற்பது வருஷ நோன்பைக் கெடுத்துவிட்டேனே என்று கடையைப் பூட்டாமல் உட்கார்ந்திருந்தேன்.

எட்டே முக்காலுக்கு அவரே கூப்பிட்டார்.

"எடீ மோளே! ஆறு நாப்பதுக்குப் பேரீச்சம்பழத்த வாய்க்கிட்ட கொண்டுபோறேன், ஜன்னல்ல சூரியன் பல்லக் காட்டிட்டு நிக்குது. நானும் பாக்குறேன், அதும் பாக்குது, எறங்க மாட்டேங்குது. ஒண்ணே கால் மணி நேரம் பழத்தக் கையில வச்சிட்டே உக்காந்திருந்தேன்!"

"அப்ப நோன்பு கெடலையே இக்கா?"

"ஜன்னல் சீட் போட்டியே, அதனால நீ தப்பிச்ச."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. சுபைதா விழுந்து விழுந்து சிரித்தாள்.

பிள்ளைகளே, நேரம் கேட்டால் எடுத்த எடுப்பில் சொல்லிவிடாதீர்கள். எதற்குக் கேட்கிறார், எந்தப் பக்கம் போகிறார் என்று விசாரியுங்கள்.

மறுவருஷம் நோன்பு மாசத்தில் ராவுத்தர் மறுபடி வந்து நின்றார். "மேற்கால போனா நோன்பு நீளுது. கிழக்கால போனா?"

"குறையும் இக்கா."

"அப்ப சிங்கப்பூருக்கு ஒண்ணு போடு."

"அங்க யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. போன வருஷம் நீ எடுத்த ஒண்ணே கால் மணி நேரத்தத் திருப்பி வாங்கணும்."