முதல் தாள் மெயின் ரோடு

எழுபதுகளின் கடைசியில், புதுச்சேரியில் மழைநீர் வடிகால் போடும் அலுவலகம் ஒன்றில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தேன். பெரிய இன்ஜினியர்கள் வாயால் போடும் கோட்டைக் கையால் போடுகிற வேலை. வாய்க்கு அங்கே பஞ்சமே கிடையாது. கடற்கரைப் பக்கம் பிரெஞ்சுக்காரன் வெட்டிய வாய்க்காலைப் பார்த்து, “எல்லாம் அந்தக் காலத்து வேலை” என்று உதட்டைச் சுழிப்பார்கள். அந்தக் காலத்து வேலையில் தண்ணீர் கடலுக்குப் போயிற்று.

என் வீடு ஊருக்குள் சாரம் என்ற பகுதியில், பள்ளமான ஒரு தெருவில். ஐப்பசி பிறந்தால் ஊர்த் தண்ணீரெல்லாம் எங்கள் கூடத்துக்கு வந்து நலம் விசாரித்துவிட்டுத்தான் போகும். அம்மா மில்லில் வேலை பார்த்தவள். பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்த பிறகு கட்டிலே கதி. தண்ணீர் ஏறினால் அவளால் எழுந்து போக முடியாது. கட்டிலுக்குக் கீழே செங்கல் அடுக்கி உயர்த்திவிட்டு, ஊருக்கு வெள்ளம் வராமல் தடுக்க நான் அலுவலகம் போவேன். அவள் ஒன்றுக்குப் போவதைக்கூட அடக்கிக்கொண்டு, நான் திரும்பும்வரை சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். அதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்படியிருக்கும்போதுதான் எங்கள் தெரு வழியாகவே வடிகால் போடும் திட்டம் வந்தது.

“அடுத்த மழைக்குத் தண்ணி உள்ள வராதும்மா. நான்தான் படம் போடறேன்” என்றேன். அம்மா அதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். எதிர்வீட்டு பாய், பெரிய மார்க்கெட்டில் பூட்டு ரிப்பேர் செய்கிறவர், என்னைக் கூப்பிட்டு டீ கொடுத்தார்.

வடிகால் மூன்று துண்டு. மேலே மெயின் ரோடு, நடுவில் எங்கள் தெரு, கீழே தேங்காய்த்திட்டுப் பக்கம் போகிற பெரிய வாய்க்காலில் சேரும் இடம். தண்ணீர் வெளியேறும் இடத்திலிருந்துதான் கட்டிக்கொண்டு வரவேண்டும். குளியலறை கட்டுகிற கொத்தனாருக்கும் இது தெரியும். அதனால் துண்டுக்கு ஒரு தாளாகப் படம் போட்டு, கீழ்த்துண்டின் தாளுக்கு ஒன்று என்று எண் போட்டேன்.

எண்ணில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். எங்கள் அலுவலகத்தில் எல்லாம் அதில்தான் இருந்தது. பணம் ஒரே தவணையில் வராது. முதல் தவணை முதல் தாளுக்கு, இரண்டாவது இரண்டாம் தாளுக்கு. மதிப்பீடு, டெண்டர், வேலை எல்லாம் தாள் எண்ணுக்குப் பின்னால் வரிசையில் நிற்கும். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று எந்த ஃபைலும் கேட்டதில்லை. மார்ச்சுக்குள் செலவாகாத பணம் டெல்லிக்குத் திரும்பிவிடும். ஊர் மூழ்கினால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள், பணம் திரும்பினால் தாங்கமாட்டார்கள்.

பெரிய இன்ஜினியர் படத்தை விரித்தார். முகம் கோணியது.

“என்னய்யா இது, மொதத் தாள்லயே சேறும் கோரையும்? மந்திரி அடிக்கல் நாட்ட வந்து எறங்க எடம் எங்க இருக்கு?”

“மெயின் ரோடு மூணாவது தாள் சார்.”

“அத ஒண்ணாக்கு. கீழ நெலம் எடுக்கணும், வேற டிபார்ட்மெண்ட்ல பர்மிஷன் வாங்கணும். அதுக்குள்ள மார்ச் போயிடும்.”

“மேல மட்டும் கட்டினா தண்ணி எங்க சார் போவும்?”

“அடுத்தடுத்த வருஷம் அடுத்தடுத்த தாள். போய்யா, போய் மாத்து.”

இன்னும் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். என் பதவி உயர்வுக்கான காகிதம் அவர் மேசைமேல்தான் கையெழுத்துக்குக் கிடந்தது. என் இடத்துக்குப் போய், படம் வரைந்த டிரேசிங் துணியில் எண்களின் இங்க்கை பிளேடால் சுரண்டி, ஒன்றை மூன்றாக்கினேன், மூன்றை ஒன்றாக்கினேன். ஐந்து நிமிட வேலை.

ஷாமியானா போட்டு, மந்திரி வந்து, சோடா குடித்துவிட்டுப் போனார். மெயின் ரோட்டில் வழவழவென்று சிமெண்ட் வடிகால் எழும்பி, எங்கள் தெருமுனையில் வாயைத் திறந்துகொண்டு நின்றது. இரண்டாம் தாளுக்கான பணம் வேறு தொகுதிக்குப் போய்விட்டது.

மழை வந்தது. முன்பெல்லாம் மெயின் ரோட்டில் பரவி நின்ற தண்ணீர், இப்போது அரசாங்கச் செலவில் ஒழுங்காக எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தது. அன்று காலை பெரிய இன்ஜினியர் என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மெயின் ரோட்டில் ஒரு சுற்றுச் சுற்றினார்.

“பாத்தியா, ரோட்ல ஒரு சொட்டு நிக்கல! ரிப்போர்ட் எழுதிடு, நல்லா வேலை செய்யுதுன்னு.”

அவர் பூரித்துப்போய்ப் பேசிக்கொண்டே வந்தார். பாதியிலேயே இறங்கி ஓடினேன்.

வீட்டில் கட்டில் மூழ்கியிருந்தது. அம்மா இல்லை. எதிர்வீட்டு மாடியிலிருந்து பாய் கையைத் தட்டிக் கூப்பிட்டார். அவரும் அவர் மகனும் அவளை நாற்காலியில் உட்காரவைத்து, இடுப்பளவு தண்ணீரில் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். பாய் வீட்டம்மா தன் புடவையை அவளுக்குக் கட்டிவிட்டிருந்தார். அவள் உடம்பு இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.

பாய் தயங்கித் தயங்கித்தான் கேட்டார். “தப்பா நெனைக்காதீங்க தம்பி. நீங்க போட்ட படம்னுதானே சொன்னீங்க? போன வருஷத்தவிட ஜாஸ்தியால்ல வருது?”

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா குழறிய நாக்கோடு சொன்னாள்: “எம்புள்ள சரியாத்தான் போட்டிருப்பான் பாய். அங்க எவனோ பாவிதான் மாத்திட்டிருப்பான்.”

சொல்லிவிட்டு, சரிதானே என்பதுபோல என்னைப் பார்த்தாள்.

“ஆமாம்மா” என்றேன்.