செல்லத்தாய் டீச்சருக்கு வந்தது மூலம் அல்ல

செவ்வாய்க்கிழமை இரண்டாவது பீரியடில் செய்தி வந்தது. எங்கள் பள்ளியில் விளையாட்டுச் சொல்லிக்கொடுக்கும் பி.டி. டீச்சர் செல்லத்தாய் போய்விட்டார். மத்தியானத்துக்குள் தேவதானப்பட்டி பஸ் நிறுத்தத்தில் அவருடைய தம்பி முருகேசன் பேனர் வைத்துவிட்டார். 'உடல்நலக் குறைவால் இயற்கை எய்தினார்' என்று போட்டிருந்தது. எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. என்ன குறைவு? காய்ச்சலா, தலைவலியா? அவருக்கு வந்தது பெருங்குடல் புற்றுநோய். எல்லாரிடமும் சொல் என்று என்னிடம் கேட்டுக்கொண்டவர் அவர். சொல்கிறேன்.

மலத்தில் இரத்தம் போனபோது அவரும் மூலம் என்றுதான் நினைத்தார். வெயிலில் நிற்கிற வேலை, உடம்புச் சூடு என்றார். மோரும் வெந்தயமும் குடித்தார். சுவர் விளம்பரத்தில் பார்த்த மூல வைத்தியரிடம் ஒரு வருடம் களிம்பு வாங்கித் தடவினார். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. பார்த்தபோது நோய் ஈரல்வரை போயிருந்தது.

ஆபரேஷன் முடிந்து, மலம் சேருகிற பையை வயிற்றில் மாட்டிக்கொண்டு பள்ளிக்குத் திரும்பினார். ஆசிரியர் அறையில் நாங்கள் எல்லாரும் ஜன்னலைப் பார்த்தோம். அவர் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே பேசினார்.

"மூக்குல ரத்தம் வந்தா ஊரையே கூட்டுறீக. கீழ வந்தா வாயப் பொத்திக்கிறீக. வெக்கந்தான் என்னைய இங்கன கொண்டாந்து விட்டுச்சு. நாப்பத்தஞ்சு தாண்டுனவுக டாக்டரப் போயிக் கேளுங்க."

அறிவியல் ஆசிரியருக்குச் சோறு இறங்கவில்லை. "சாப்பிடுங்க சார், உங்களுக்கும் குடல் இருக்குல்ல" என்றார் டீச்சர்.

எனக்கு அப்போது நாற்பத்தெட்டு. சுகருக்கு மாத்திரை போடுவதைத் தவிர, வயிற்றில் ஒரு தொந்தரவும் கிடையாது. அவர் நச்சரிப்புத் தாங்காமல் தேனிக்குப் போனேன். கேமரா பொருத்திய குழாயை ஆசனவாய் வழியே விட்டுப் பெருங்குடலைப் பார்க்கிற கொலோனோஸ்கோப்பிக்குத் தேதி கொடுத்தார்கள். சில நாள் முன்பிருந்தே கீரை, விதை கூடாது, முந்தின நாள் தெளிந்த நீராகாரம் மட்டும் என்று தாளில் அச்சடித்திருந்தது. அந்த முந்தின நாள் பார்த்து, கம்பத்திலிருந்து அண்ணன் ஒரு பெட்டி பன்னீர் திராட்சை கொடுத்தனுப்பினார். திராட்சை என்றால் தண்ணீர்தானே என்று ஒரு கொத்தைத் தின்றேன். மறுநாள் திரையில் டாக்டருக்குக் குடல் தெரியவில்லை, விதைதான் தெரிந்தது. திரும்ப வரச் சொல்லிவிட்டார்கள்.

"ஏத்தா, கணக்கு டீச்சர்தான நீ? ஒரு தாளு படிக்கத் தெரியாதா? சுகர் மாத்திர போடுறதயாவது டாக்டர்ட்ட சொன்னியா, இல்லையா?" என்று திட்டினார் டீச்சர்.

மயக்க ஊசி போடுவதால் தனியாகப் போகக் கூடாது. இரண்டாம் முறை, தன் புற்றுக்குப் போட்டுக்கொண்டிருந்த கீமோ ஊசிகளுக்கு நடுவே, டீச்சரே துணைக்கு வந்தார். பேதி மருந்தைக் குடித்துவிட்டுக் கக்கூசுக்கு நடந்த நடைதான் பாடு. பரிசோதனை தூக்கத்திலேயே முடிந்துவிட்டது. பட்டாணி அளவு கட்டி ஒன்றை அப்போதே எடுத்துவிட்டார்கள். விட்டிருந்தால் நாளடைவில் புற்றாக மாறியிருக்கலாம் என்றார் டாக்டர். நான் அழுதேன். டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த நன்றியை நான் எங்கே போய்ச் சொல்வேன்?

உடன்பிறந்தவருக்கு வந்தால் மற்றவர்கள் தொந்தரவு இல்லாவிட்டாலும் சீக்கிரமே பார்த்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "ஏலே, ஒருக்கா போயிட்டு வந்துர்றா" என்று தம்பியிடம் டீச்சர் கடைசிவரை கெஞ்சினார். முருகேசன் நழுவிக்கொண்டே இருந்தார்.

காரியம் முடிந்த அன்று பேனரைப் பற்றிக் கேட்டேன்.

"நோவு வெளிய தெரிஞ்சா எம்மகளப் பொண்ணு கேட்டு யாரு டீச்சர் வருவாக?" என்றார்.

"அப்பன் இல்லாத பொண்ணுன்னா மட்டும் வரிச கட்டி வருவாகளா?"

அவர் தலை குனிந்தார். குனிந்தபடியே, "எனக்கும் ரெண்டு மாசமா ரத்தம் போகுது டீச்சர்" என்றார்.

இதையும் எழுதுவேன் என்றேன். எழுதுங்க என்றார்.

செல்லத்தாய் டீச்சரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது வெட்கப்படாத அந்த வாயை. வியாழக்கிழமைக்குத் தேதி வாங்கிவிட்டேன். துணைக்கு நான்தான் போகிறேன். முருகேசன் வருவார். வராவிட்டால், அவர் வீட்டு வாசலில் நின்று, எதற்குக் கூப்பிடுகிறேன் என்பதையும் சேர்த்து, தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கூப்பிடுவேன்.