தேர்வுக்கு வந்த தோள்பட்டை

ஈப்போவில் ஒரு தனியார் கல்லூரிக்கு, பிசியோதெரபி மாணவர்களின் இறுதிச் செய்முறைத் தேர்வைப் பார்க்க வெளித் தேர்வாளராக அவ்வப்போது போய்க்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் தைப்பிங்கின் ஓயாத மழையிலிருந்து தப்பிக்க அது ஒரு சாக்கு என்று வீட்டில் கேலி செய்வார்கள். அங்கே படித்து வெளியே வருகிற பிள்ளையை நம்பி ஒரு நோயாளியின் உடம்பைக் கொடுக்கலாமா, கூடாதா என்று சொல்வதுதான் என் வேலை.

தங்கள் தரத்துக்குச் சான்றாகக் கல்லூரிக்காரர்கள் எப்போதும் நோயாளிகளின் கருத்தைக் காட்டுவார்கள். எல்லாருமே 'மிக நன்று'. எனக்கு எரிச்சலாக வரும். வருகிறவர்களில் பாதிப் பேர், ரப்பர் தோட்டங்கள் கைமாறியபின் சிலிபின் பக்கம் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிவந்த நம் ஜனங்கள். படிக்கிற பிள்ளையைப் பற்றி இவர்களை ஒரு குறை சொல்லச் சொல்லுங்கள் பார்ப்போம். வாயைத் திறக்க மாட்டார்கள்.

அந்த முறை தேர்வுக்கு நோயாளியாக வந்தவர் அறுபதைத் தாண்டிய ஓர் அக்கா. முன்பு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். வலது தோள் இறுகிப்போய், கை காதுக்கு மேல் எழும்பாது. மாதக்கணக்காக அந்தக் கல்லூரி கிளினிக்குக்குத்தான் வந்துகொண்டிருந்தார், தோளும் மெல்ல இளகிக்கொண்டிருந்தது. தேர்வுக்கு நின்ற மாணவியும் தோட்டத்துப் பிள்ளைதான். அன்று தேறினால் வேலைக்குப் போகலாம், இல்லையென்றால் இன்னொரு செமஸ்டர் படிக்க வேண்டும்.

பெண் முறையாகத்தான் தொடங்கினாள். கையைத் தூக்கியபடி, "ஆண்ட்டி, வலிக்குதா?" என்று கேட்டாள்.

"இல்லலா, நீ செய்யும்மா."

இன்னும் தூக்கினாள். மறுபடி கேட்டாள். "ஒண்ணும் இல்ல" என்றார் அக்கா. மாணவியின் கண், கை எழும் அளவைக் காட்டும் கோணமானியை விட்டு நகரவே இல்லை. நான் அக்காவின் இடது கையைப் பார்த்தேன். கட்டில் விளிம்பை இறுகப் பிடித்ததில் விரல்கள் வெளுத்திருந்தன. மேலுதட்டில் வியர்வை. அவள் இன்னும் ஓர் அழுத்தம் கொடுக்கப் போனபோது நிறுத்தச் சொன்னேன்.

கூட இருந்த விரிவுரையாளர் வாதாடினார். கேட்டாள், பதில் வந்தது, வேறென்ன செய்வாள் என்றார். முகத்தைப் பார்த்திருக்கலாம் என்றேன். தேர்வாளர் குறுக்கிட்டு நிறுத்த வேண்டி வந்தால் தேர்ச்சி கிடையாது. இன்றைக்கும் நான் அந்த முடிவை மாற்ற மாட்டேன். அந்தப் பெண் அழுதுகொண்டே போனாள்.

லிஃப்ட் பக்கத்தில் அக்கா எனக்காகக் காத்திருந்தார்.

"மிஸ், பிள்ளை ஏன் அழுவுது? பாஸ் இல்லையா?"

"இல்லக்கா."

"நான்தான் வலிக்கலன்னு சொன்னேனே."

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் இல்லை, அத்தனை 'மிக நன்று'களின்மேல். ஆனால் எதிரில் நின்றவர் அவர்தானே. "உங்களுக்கு வலிச்சுச்சு. உண்மையச் சொல்லியிருந்தா அவ அங்கேயே நிறுத்தியிருப்பா, பாஸாயிருப்பா" என்று பட்டென்று சொல்லிவிட்டேன்.

"அப்போ என்னாலதானா?" என்றார். அப்படியெல்லாம் இல்லை அக்கா என்று ஏதேதோ சமாளித்தேன். அவர் தலையாட்டினார், கேட்டதாகத் தெரியவில்லை.

மாணவி அடுத்த முறை தேறினாள். முகம் பார்த்து வேலை செய்யவும் கற்றுக்கொண்டாள். இப்போது காம்பாரில் வேலையில் இருக்கிறாள், அவளைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அக்காதான் அதன்பின் கிளினிக் பக்கம் வரவில்லை. விரிவுரையாளர் போன் செய்தார். அந்தப் பெண்ணே நேரில் போய்க் கூப்பிட்டாள். கடைசியில் நானும் ஒரு சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன்.

இடது கையால் கோப்பி கலக்கிக் கொடுத்தார். கொண்டை போடக் கை எழும்பாததால் முடியைக் கழுத்தோடு வெட்டியிருந்தார். இளகியிருந்த தோள் பழையபடி இறுகிப்போயிருந்தது. தப்பு உங்கள்மேல் இல்லை, நான் அப்படிச் சொன்னதுதான் தப்பு, திரும்ப வாருங்கள் என்று கெஞ்சினேன்.

"உங்க மேல கோபம் இல்ல மிஸ்" என்றார். "அந்தப் பிள்ளைங்க மூஞ்சியப் பாத்தா வலிக்குதுன்னு சொல்ல எனக்கு வாய் வராது. நான் வந்து இன்னொரு பிள்ளையோட படிப்பையும் கெடுக்கணுமா?"