நேர்ந்துகொண்ட உப்பு

உப்புச் சாக்கைத் தூக்கினேன். கனமே இல்லை. இரவெல்லாம் பெய்த மழை கொட்டகைக்குள் புகுந்து, தரையில் வைத்திருந்த சாக்கை நனைத்து, உப்பு முழுவதையும் கரைத்துக்கொண்டு போய்விட்டது. சாக்கைப் பிழிந்து பார்த்தேன். சேற்றுத் தண்ணீர்தான் வந்தது. எனக்குப் பின்னால் கோரைப்பாயில் என் சிநேகிதி செசீலி காலராவில் கிடந்தாள்.

சகோதரிகளே, சாட்சி சொல்ல எழுந்து நிற்கிறவர்கள் விசுவாசத்தோடு ஜெபித்தேன் என்பார்கள். நான் பயத்தோடு ஜெபித்தவள். கால் வெடவெடவென்று நடுங்க, மூக்கு ஒழுக ஜெபித்தவள். அதை அப்படியே சொல்லிவிடுகிறேன்.

அது யுத்தகாலம். நானும் செசீலியும் சித்தூரில் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தோம். நான் மிஷன் சபைப் பெண். அவள் குடிபாலாக்காரி, ரோமன் கத்தோலிக்கப் பெண். ஒரே அறை, ஒரே எண்ணெய்ப் புட்டி, வாரம் தவறாமல் ஒரு சண்டை.

பலமனேர் சாலையில், குன்றடியில் ஒரு மாதா கோயில் இருக்கிறது. செப்டம்பர் மாதத் திருவிழாவுக்கு நோயாளிகளை வண்டியில் கிடத்திக் கொண்டுவருவார்கள். அவர்களுக்கென்று கோயிலுக்குப் பக்கத்தில் ஓலைக் கொட்டகை. மாணவிகள் சிலர் போய்த் தங்கி, புண் கழுவிக் கட்டுவார்கள், கஞ்சி ஊட்டுவார்கள். "வாடி சுகிர்தம், உங்க ஏசு வேற, எங்க ஏசு வேறயா?" என்று செசீலி என்னையும் இழுத்தாள்.

என் நைனா சபையில் மூப்பர். ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டுத்தான் உத்தரவு கொடுத்தார். "நோயாளிங்களுக்குச் செய்யறதுன்னா போய்க்கினு வாம்மா. கோயில் முற்றத்துப் பக்கம் மட்டும் போவாதே. உருவத்தை ஏறெடுத்தும் பாக்காதே."

நான் நைனா சொல்லைத் தட்டாதவள். கொட்டகையிலிருந்து கிணற்றுக்குப் போகக் கோயில் முற்றம்தான் குறுக்குவழி. எல்லாரும் அதிலே போவார்கள். நான் மட்டும் குடத்தைத் தூக்கிக்கொண்டு பின்புறம் முள்வேலி ஓரமாகச் சுற்றிப் போவேன். பாவாடையெல்லாம் முள். செசீலிக்குச் சிரிப்பு தாங்காது. "மாதா உன்னைக் கடிச்சுத் துன்னுடுவாளா?" என்பாள்.

திருப்பதிப் பக்கம் காலரா என்று வரும்போதே பேச்சு இருந்தது. கொடியேறிய மறுநாள் கொட்டகையில் ஒருவருக்கு வாந்திபேதி கண்டது. பொழுது சாய்வதற்குள் இன்னும் சிலருக்கு. கடைக்காரர்கள் மூட்டை கட்டிவிட்டார்கள். ஜனங்கள் பிள்ளைகளை அள்ளிப்போட்டுக்கொண்டு வண்டி பூட்டினார்கள். எனக்கும் ஓடிவிட வேண்டும் போலத்தான் இருந்தது. செசீலி போகவில்லை, அதனால் நானும் போகவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்து, கொண்டுவந்த உப்புநீரை ஊசி வழியாக ஏற்றினார். அது தீர்ந்ததும் மேலும் கொண்டுவரச் சித்தூருக்குத் திரும்பினார். போகும்போது என்னைக் கூப்பிட்டு, "கஞ்சித் தண்ணியிலே உப்பு போட்டு விடாமல் கொடு. வாந்தி எடுத்தாலும் கொடு. உப்பு இல்லாத வெறும் தண்ணியை நம்பாதே" என்று சொன்னார். அன்று இரவு பிடித்த மழையில் சாலையின் தரைப்பாலம் முழுகிவிட்டது. இந்தப் பக்கம் யாரும் வர முடியாது, அந்தப் பக்கம் யாரும் போக முடியாது.

காலையில் கிணற்றடியில் குடத்தோடு உட்கார்ந்த செசீலியால் எழுந்திருக்க முடியவில்லை. உச்சிவேளைக்குள் அவள் கண் குழிந்துவிட்டது. விரல்கள் நாளெல்லாம் துணி துவைத்தவள் விரல் போலச் சுருங்கின. கெண்டைக்கால் இழுத்து இழுத்து அலறினாள். பிறகு அலறவும் குரல் இல்லை.

அப்போதுதான் அந்தச் சாக்கைத் தூக்கினேன்.

கடைகள் போய்விட்டன. சாக்கைப் பிரிக்குமுன் கோயில் பாதிரியார் வீட்டு உப்பைத்தான் மற்ற நோயாளிகளின் கஞ்சிக்குப் போட்டிருந்தோம், அதுவும் காலையிலேயே தீர்ந்திருந்தது. யுத்தகாலத்தில் யார் மடியில் உப்பு இருக்கும்? நான் பாயருகில் வந்து நின்றேன். என் முகத்தைப் பார்த்தே செசீலிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அவள் ஏதோ சொல்ல, உதட்டருகே காதை வைத்தேன்.

"கொடிமரத்தடியிலே உப்பு கிடக்குமே... நீ பாக்கலியா?"

நான் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்கத்தானே முள்ளெல்லாம் குத்தச் சுற்றிப் போனேன். நோய் தீர்ந்தால் கொடிமரத்தடியில் உப்பும் மிளகும் கொட்டுவதாக ஜனங்கள் அங்கே நேர்ந்துகொள்வார்கள். அது எனக்கு மட்டும்தான் தெரியாது. மற்றவர்கள் ஏன் அதை எடுக்கவில்லை என்றும் அவளே சொன்னாள்: "யாரும் தொடமாட்டாங்க. கொட்டினவங்க நோவு தொட்டவங்களுக்கு வந்துடும்னுவாங்க."

இதையெல்லாம் நம்பாத வீட்டுப் பெண் நான். ஆனாலும் பயந்துகொண்டேதான் ஓடினேன்.

கொடிமரத்தடியில் ஒன்றும் மிச்சமில்லை. முந்தின நாள் வரை அங்கே குவியலாகக் கிடந்திருக்கிறது. மழை அதையும் கரைத்துவிட்டது. சேற்றில் மிளகு மிதந்தது, மெழுகுத் துண்டுகள் கிடந்தன. ஒரே ஒரு நாள் இந்த வழியாகத் தண்ணீர் தூக்கியிருந்தால் இரண்டு படி உப்பை உலர்ந்த இடத்தில் எடுத்து வைத்திருப்பேனே என்று நினைத்தேன். சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

தலை நிமிர்ந்தபோது எதிரே அந்த உருவம் இருந்தது. கைப்பிள்ளையோடு ஒரு பெண். மழையில் வண்ணம் உரிந்திருந்தது. நான் அதனிடம் ஜெபிக்கவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். ஆனால் கண்ணை மூடவும் இல்லை. "ஆண்டவரே, உப்பு. செசீலி செத்துடுவா. எனக்குப் பயமா இருக்குது. உப்பு குடும்" என்றேன். வசனம் ஒன்றும் வாயில் வரவில்லை. ஆமென் சொன்னேனா என்பதுகூட நினைவில்லை.

சேற்றில் யாரோ நடந்துவரும் சத்தம் கேட்டது. பாலம் முழுகியதால் ஊர் திரும்ப முடியாமல் தங்கிவிட்ட ஒரு பெண். நெற்றியில் பெரிய குங்குமம். இடுப்பில் ஒரு பெண் குழந்தை, கையில் துணி மூட்டை. மழை விட்டதும் நேர்ச்சையைச் செலுத்த வந்திருக்கிறாள். திருப்பதிக்காரி, பெயர் மங்கம்மா என்று பிறகு தெரிந்தது. மூட்டையில் உப்பு.

"அம்மா, அந்த உப்பை எனக்குத் தரீங்களா?"

அவள் மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "இது மொக்கு உப்பும்மா, வேண்டுதல் உப்பு. பாப்பா ஜுரத்திலே கிடந்தா. பொழைச்சா இங்கே கொட்டறேன்னு மொக்கினேன். வேற யாருக்கனா குடுத்துட்டா அந்த ஜுரம் திரும்பி வராதா?"

வராது என்று சொல்லிவிடலாம். படித்தவள், மூப்பர் மகள், சொல்வதற்கு என்ன? அவள் இடுப்பில் இருந்த குழந்தை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எனக்குத் தெரியலைங்க. எனக்கும் பயமா இருக்குது. அங்கே என் கூட்டாளி செத்துக்கினு இருக்கா."

"எக்கட?" என்றாள். எங்கே என்று கேட்கிறாள். கொட்டகையைக் காட்டினேன். வாசல் வரைக்கும் வந்து, குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். செசீலியின் தலைமாட்டில் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு அடுப்படிக்குப் போய், மூட்டையை அவிழ்த்து, ஒரு பிடி உப்பைக் கஞ்சிக் குண்டாவில் போட்டாள். மீதியை மூட்டையோடு அடுப்பு மேடையில் வைத்தாள். அவள் கையும் என் கால் போலவே நடுங்கியது. கை கழுவிக்கொண்டு வந்து குழந்தையை வாங்கி, என் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டாள்.

கரண்டி கரண்டியாகக் கொடுத்தேன். வாந்தி எடுத்தாள். மறுபடி கொடுத்தேன். மறுபடி எடுத்தாள். பொழுது இறங்கும் நேரத்தில் கால் இழுப்பு நின்றது. விளக்கு ஏற்றும்போது சிறுநீர் பிரிந்தது, வற்றிய உடம்பில் தண்ணீர் தங்கத் தொடங்கிவிட்டது. சிரிக்காதீர்கள், அந்த நனைந்த பாயைப் பார்த்து நான் சொன்ன ஸ்தோத்திரத்தைப் போல எந்த ஆராதனையிலும் சொன்னதில்லை. வெள்ளம் வடிந்து டாக்டரம்மா வந்தபோது செசீலி, "கஞ்சியிலே உப்பு ஜாஸ்திடி" என்று என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

சாட்சி இத்தோடு முடிந்தது என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். என் பயம் அங்கேதான் ஆரம்பித்தது. செசீலி பிழைத்தாள், அந்தக் குழந்தை? இருமல் சத்தம் கேட்டாலே எனக்கு அந்த முகம் வரும். மூடநம்பிக்கை என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன், போகவில்லை. கடைசியில் நைனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முற்றத்துக்குப் போனதையும் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அந்தப் பிள்ளை பேரு இன்னா?" என்றார்.

"கேக்கலை நைனா."

அன்று முதல் எங்கள் குடும்ப ஜெபத்தில் ஒரு வரி சேர்ந்தது. "பேர் தெரியாத அந்தத் திருப்பதிப் பிள்ளையையும் காத்தருளும்." ஒரு சாயங்காலமும் அவர் அதை விட்டதில்லை.

மறு செப்டம்பரில் நானும் செசீலியும் மறுபடி கொட்டகைக்குப் போனோம். குடத்தோடு முற்றத்தின் குறுக்கேதான் நடந்தேன். போகும்போதும் வரும்போதும் கொடிமரத்தடியையே பார்த்தேன். எத்தனையோ பேர் உப்புக் கொட்டினார்கள். மங்கம்மா வரவில்லை. திருவிழா முடிகிற நாளும் வந்துவிட்டது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு குரல்.

"கஞ்சிக் குண்டா எக்கடம்மா?"

மங்கம்மா. தலையில் உப்பு மூட்டை. அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, தன் காலாலேயே நடந்து வந்தது அந்தக் குழந்தை. நான் அழுத அழுகையில் அது பயந்து தாய்க்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. இந்த முறை பெயரைக் கேட்டேன்.

சகோதரிகளே, பயம் போகட்டும், பிறகு ஜெபிக்கலாம் என்று யாரும் காத்திருக்காதீர்கள். எனக்கு இன்றைக்கும் பயம் போகவில்லை. நடுங்குகிற காலோடு போய்க் கேட்டேன், கர்த்தர் நடுங்குகிற ஒரு கையாலே கொடுத்தார். உங்களுக்கும் கொடுப்பார், கேளுங்கள்.

வீட்டுக்குத் திரும்பிய அன்று சாயங்காலம் முழங்காலில் நின்ற நைனா அந்த வரிக்கு வந்ததும் நிறுத்தி, என் பக்கம் திரும்பினார். சொன்னேன். எங்கள் சபை மூப்பர் கண்ணை மூடிக்கொண்டு, "லட்சுமியைக் காத்தருளினீர், ஸ்தோத்திரம்" என்றார்.