பாரிஸிலிருந்து பம்பாய்க்குப் பதினாலு மணி நேரம்

முத்தியால்பேட்டை இராமதாஸ் விமானத்தில் ஏறியதே இல்லை. ஏறாத மனிதருக்கு இருந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே! பயணச்சீட்டு ஏஜென்சி ஒன்றில் குமாஸ்தா. மேசைமேல் பூகோள உருண்டை, சட்டைப்பையில் நூல். பம்பாயில் நூலை அழுத்திப் பாரிஸ் வரை இழுத்துப் பிடித்து, ஏழாயிரம் கிலோமீட்டர் என்பார். ஜெட் விமானம் வந்தபிறகு, வழியில் நிற்பதையும் சேர்த்துப் பதினாலு மணி நேரம் என்பார். பாரிஸ் கடிகாரம் நமக்கு நாலரை மணி பின்னால். அதைக் கழித்து, இறங்கும் நேரத்தையும் சொல்லிவிடுவார். பிரெஞ்சுக்காரர்கள் ஊரை விட்டுப் போன ஐம்பத்துநாலிலிருந்து பிரான்சுக்குப் போனவர்களுக்கெல்லாம் கழித்துக் கழித்தே கை பழகிவிட்டது. அங்கிருந்து வருகிறவருக்கு அவர் கணக்குப் போட்டதே இல்லை. வந்தவர்கள் கப்பலில்தான் வந்தார்கள்.

அறுபத்தொன்று ஜனவரியில், ஒரு செவ்வாய் விடியற்காலை, அடுத்த தெரு அந்தோணி இறந்துபோனார். ஒரே மகன் பிரான்சுவா பாரிஸில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தான். செவ்வாய் இரவு எட்டு மணிக்கு விமானம் ஏறுவதாகப் புதன் காலையில் அவன் தந்தி வந்தது. இராமதாஸ் நின்ற இடத்திலேயே கணக்குப் போட்டார்.

"விடியக்காலம் அஞ்சரைக்கே பம்பாய்ல எறங்கியிருப்பான். ஒம்பது மணிக்கு மெட்ராஸ் பிளேன். அங்கேருந்து டாக்சி. அடக்கத்த அஞ்சரைக்கு வச்சிக்குங்க."

ஐஸ் கட்டி வைத்தும் உடல் அன்று சாயங்காலத்துக்கு மேல் தாங்காது. அந்தோணியின் மனைவி ஸ்டெல்லாமேரிக்கு வேண்டியது ஒன்றுதான். பெட்டியை மூடுமுன் மகன் அப்பா முகத்தைப் பார்த்துவிட வேண்டும்.

மதியம் ஒரு மணிக்கு அவள் இராமதாசைக் கூப்பிட்டாள். "தம்பி, அவன் அங்க பிளேன் ஏறினப்ப இங்க மணி என்னா இருக்கும்? அப்ப நான் என்னா பண்ணிக்கினு இருந்தேன்னு பாக்கறேன்."

"பன்னெண்டரை, அக்கா. நடு ராத்திரி."

சொல்லி முடிக்கவில்லை, இராமதாஸ் விரலை மடக்கி மறுபடி எண்ணினார். பன்னிரண்டரையோடு பதினாலு மணி நேரம் என்றால் இன்று பகல் இரண்டரை அல்லவா! கூட்ட வேண்டிய இடத்தில் கழித்திருக்கிறார். மெட்ராஸ் விமானம் காலையிலேயே போய்விட்டது, அடுத்தது நாளைக்குத்தான். பேசாமல் இருந்துவிட்டு, விமானம் தாமதம் என்று சாயங்காலம் சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்? கொஞ்ச நேரம் அவர் அப்படியும் நினைத்தார்.

"அக்கா, என் கணக்கு தப்பு," என்றார். "அவன் இன்னிக்கு வந்து சேரமாட்டான். நாளைக்குத்தான். நான் பாவி."

"ஐயோ, உன்ன நம்பினோமேய்யா!" என்று யாரோ கத்தினார்கள். ஸ்டெல்லாமேரி கத்தவில்லை.

"இப்ப எங்க இருக்கான்?"

"வானத்துலதான். பம்பாய்ல எறங்க இன்னும் ஒண்ணரை மணி நேரம் ஆவும்."

"அவனுக்கு யாராச்சும் சொல்ல முடியுமா?"

"முடியாதுக்கா. எறங்கினாதான்."

அவள் கணவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இராமதாஸ் வெட்கத்தை விட்டு அழுதார். இனி யாருக்காகக் காத்திருப்பது, பெட்டியை மூடிவிடலாம் என்று யாரோ சொன்னார்கள்.

"அப்ப, அப்பாவப் பாக்கப் போறோம்னுதான் வந்துகினு இருப்பான்," என்றாள் அவள். "அவன் பம்பாய்ல எறங்கற வரைக்கும் பெட்டிய மூடாதீங்க."