கார்டில் இல்லாத மீசை

பட்டாளத்தில் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டால் வெள்ளைத்துரை நேராகப் பதில் சொல்ல மாட்டார். கர்னலிலிருந்து கடைசிச் சிப்பாய் வரை தன் முன்னால் தலைகுனியாத ஆளே கிடையாது என்பார். கேட்டவர் அசந்துபோய்ப் பார்க்கும்போது கத்தரிக்கோலை எடுத்துக் காற்றில் இரண்டு வெட்டு வெட்டிக் காட்டுவார். சைதாப்பேட்டையில் கோர்ட்டுக்குப் பின்னால் இருக்கிறது அவருடைய சலூன். இந்த ஜோக்கைப் பத்தாவது தடவை கேட்கிறவரும் அங்கே சிரித்துத்தான் ஆக வேண்டும், கத்தி அவர் கையில் அல்லவா இருக்கிறது.

அந்த வேலை கேட்டு அவர் போகவில்லை. ஆதம்பாக்கத்தில் அப்பா வைத்திருந்த சலூனிலிருந்து தப்பிக்கத்தான் ராணுவத்துக்கு ஓடினார். துப்பாக்கி தூக்க வேண்டும், இல்லாவிட்டால் லாரியாவது ஓட்ட வேண்டும் என்று ஆசை. ஆள் எடுக்கும் இடத்தில் ஓட்டத்தில் பின்தங்கிவிட்டார். முடிவெட்டும் பிரிவில் இடம் இருக்கிறது, வெட்டத் தெரியுமா என்றார்கள். தெரியாது என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறியிருக்கலாம், வாய் வரவில்லை. எந்தக் கத்தரிக்கோலுக்குப் பயந்து ஓடினாரோ அதையே சீருடை மாட்டிவிட்டுக் கையில் கொடுத்தார்கள்.

முதலில் வெறுப்பாகத்தான் செய்தார். பனிமலை அடிவாரத்து முகாமுக்கு மாற்றலான பிறகு வேலை பிடித்துப்போயிற்று. மேலே பனியில் மாதக்கணக்கில் காவல் இருந்த பையன்கள் தாடியும் சிக்குமாக இறங்கி வந்து அவர் நாற்காலியில் விழுவார்கள். சூடான துண்டை முகத்தில் வைத்ததும் தூங்கிப்போவார்கள். அந்தக் காட்டுக்குள்ளிருந்து அவனவன் முகத்தைத் தேடி எடுத்துக் கொடுப்பதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். அடையாளக் கார்டை வாங்கிப் பார்க்காமல் கத்தியைத் தொட மாட்டார். கார்டில் எப்படியோ ஆளும் அப்படியே இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். மீசை வைக்க ஆசைப்படுகிறவன் அனுமதி வாங்கி, புதுப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சில பேர் மேலிருந்து உயிரில்லாமலும் வருவார்கள். பெட்டியில் வைக்கும் முன் அந்த முகங்களைச் சுத்தம் செய்வதும் அவர் வேலைதான். அதைப் பற்றி அவர் மனைவி அன்புக்கரசியிடம்கூடப் பேசியதில்லை.

அப்படித்தான் ஒரு நாள் பனிச்சரிவில் போன ஒரு பையனைக் கொண்டுவந்தார்கள். கார்டில் செம்பியன் என்று பெயர் இருந்தது. நம்ம ஊர்ப் பிள்ளை என்று வெள்ளைத்துரைக்குத் தெரிந்துபோயிற்று. பெற்றவள் கடைசியாகப் பார்க்கும்போது லட்சணமாக இருக்க வேண்டும் என்று வெந்நீர் வைத்துத் துடைத்து, வழக்கத்தைவிட நிதானமாகச் செய்தார். பையன் முகத்தில் தாடியும் பெரிய மீசையும் இருந்தன. கார்டில் இருந்ததோ மழமழவென்று பள்ளிக்கூடப் பையன் முகம். பனியில் கவனிக்காமல் வளர்ந்ததுதான் எல்லாம் என்று நினைத்து மீசையையும் எடுத்துவிட்டார்.

ஓய்வு பெற்று வந்து சலூன் போட்டு, அதையெல்லாம் மறந்தும்விட்டார். போன மழைக்காலம் முடிந்த சமயம், கோர்ட் குமாஸ்தா கல்யாணராமன் ஷேவிங்குக்கு உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார். கோயில் தெரு பூக்காரி தேவானையின் கதை வந்தது. ஆற்றோரம் இருந்த வீடுகளை இடித்து எல்லோரையும் பெரும்பாக்கம் அனுப்பியாகிவிட்டது, மகள்கூடப் போய்விட்டாள், இந்த அம்மா மட்டும் பூக்கடைப் பக்கத்தில் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு பிளாட்பாரத்தில் கிடக்கிறது. மழையில் காய்ச்சல் கண்டு ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் பிழைத்ததே பெரிது, திரும்பவும் அதே இடத்துக்கு வந்துவிட்டது. மிலிட்டரியில் செத்துப்போன மகன் வந்து தேடுவானாம்.

"பெட்டில வந்த பையனுக்கு மீசை இல்லையாம் சார். முந்தின வாரம்தான் போன்ல மீசைய முறுக்கிக் காமிச்சானாம். அது என் புள்ளையே இல்லன்னு சொல்லிண்டு உட்கார்ந்திருக்கா. செம்பியன்னு பேரு."

வெள்ளைத்துரையின் கை நின்றுவிட்டது. கல்யாணராமன் பாதி நுரையோடு கண்ணாடியில் பார்த்தார். மீதியை எப்படி முடித்து அனுப்பினார் என்று வெள்ளைத்துரைக்கே நினைவில்லை.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. சொன்னால் அந்தத் தாய் பிடித்துக்கொண்டிருக்கிற ஒரே நம்பிக்கையும் போய்விடும். சொல்லாவிட்டால் அடுத்த மழைக்கு அவளே போய்விடுவாள். நல்லது செய்கிறேன் என்று நினைத்துச் செய்த வேலை ஒருத்தியைத் தெருவில் கிடத்தியிருக்கிறதே என்று மனம் வெந்தது. வருகிற ஆளிடமெல்லாம், மீசையே இல்லாதவனிடமும், "மீசைய இன்னா பண்றது?" என்று கேட்க ஆரம்பித்தார். என்ன விஷயம் என்று அன்புக்கரசி கேட்டுத் தெரிந்துகொண்டாள். பிறகு, போய்ச் சொல்லிவிட்டு வரும்படி சொன்னாள்.

ஒரு சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டுப் போனார். தேவானையம்மா மல்லி தொடுத்துக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே கம்பத்தில் மகனின் படம் தொங்கியது, கார்டில் இருந்த அதே முகம். கூடை நிறையப் பூ வைத்திருக்கிறவள் அந்தப் படத்துக்கு ஒரு கிள்ளுப் பூ வைத்ததில்லை. செத்தவர்களுக்குத்தானே மாலை போடுவார்கள்.

வெள்ளைத்துரை தரையில் உட்கார்ந்து, தான் யார், என்ன செய்தார் என்பதை ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் நிமிராமல் தொடுத்துக்கொண்டே கேட்டாள். இப்படிச் சமாதானம் சொல்ல வந்தவர்களை அவள் நிறையப் பார்த்துவிட்டாள்.

"நீ வேற எவனுக்கோ எடுத்திருப்ப நைனா. அது எம்புள்ள இல்ல. பெட்டி மேல இருந்த கண்ணாடி வழியா நானே பாத்தேன், மூக்குல பஞ்சி, மீசை கெடையாது."

அவர் எழுந்து போயிருக்கலாம். மன்னிப்புக் கேட்காமல் போக மனம் வரவில்லை.

"பாத்துதாம்மா எடுத்தேன். மேல் உதட்டுல, எடது பக்கம், மீசைக்கு அடில பழைய தையல் தழும்பு இருந்துச்சி. கத்தி பட்டுடப் போவுதுன்னு அங்க மட்டும் மெதுவா எடுத்தேன்."

தேவானையம்மாவின் விரல்கள் நின்றன. நார் கையிலிருந்து நழுவியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தத் தழும்பின் மேல்தான் பஞ்சு இருந்திருக்கிறது.

"பால்வாடி படில வுந்தான்," என்றாள். "அத மறைக்கத்தான் மீசையே வெச்சான்."

பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. ஒருத்தி வந்து ஒரு முழம் கேட்டாள், பதில் வராததால் நகர்ந்துவிட்டாள். வெள்ளைத்துரைக்கு அழுகை பொங்கி வந்தது, அடக்கிக்கொள்ளவில்லை. அவள் அழவில்லை. ஒன்று மட்டும் கேட்டாள்.

"வலிக்காமத்தானே எடுத்த?"

"வலிக்காமத்தாம்மா எடுத்தேன்."

தேவானையம்மா தொடுத்து வைத்திருந்த சரத்தை எடுத்தாள். பழக்கத்தில் முழங்கை வரை நீட்டி ஒரு முழம் அளந்தாள். பிறகு அளப்பதை விட்டுவிட்டு, இருந்த சரம் முழுவதையும் அவர் கையில் வைத்தாள்.

"அவன் மொகத்த கடசியா தொட்டது நீதான். நீயே போடு நைனா."

வெள்ளைத்துரை எழுந்து நின்று, படத்தின் மீது பூவைப் போட்டார்.