ஒன்றாம் களம் யாருக்கு?

இல்லை, மூக்கு எங்கள் பக்கம்தான். பிள்ளையைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் எடை என்ன, பேர் என்ன என்றுதான் கேட்டார்கள். மூக்கைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன். என் பேத்திக்குக் காது மட்டும் சம்பந்தி பக்கம். கொஞ்சம் பெரிய காது. பரவாயில்லை, அந்தக் காதுக்காரர் லேசுப்பட்ட ஆள் இல்லை. செங்கல் சூளையை கோல்ஃப் மைதானமாக்கியவர்.

என் மகளை அவர் வீட்டில் கொடுத்தபோது அது சூளைதான். மண்ணெடுத்து மண்ணெடுத்து நிலம் முழுக்கப் பள்ளம். விற்கலாமென்றால், பார்க்க வந்தவர்கள் காரை விட்டே இறங்கவில்லை. ஒருநாள் ஒரு பெரிய கோல்ஃப் கிளப்புக்குக் கல் இறக்கப் போனவர், நேராக என் வீட்டுக்கு வந்து நின்றார்.

"சம்பந்தி, பெரிய பெரிய ஆளுங்க இஸ்திரி போட்ட பேண்ட்டோட பள்ளத்துல இறங்கி மணலைக் கிளறிக்கிட்டு இருக்காங்க! பக்கத்துல குட்டை வேற வெட்டி வச்சிருக்காங்க, பந்து அதுல விழணும்னே. பள்ளம், மணல், குட்டை, எல்லாம் நம்மகிட்ட சும்மா கிடக்கு. இத்தனை நாள் இதுக்காகவா நான் வெட்கப்பட்டுக்கிட்டு இருந்தேன்?"

"புல்லு?" என்றேன்.

"புல்லு முளைக்க நான் எதுக்குங்க? அதுவா முளைக்கும்."

அதுவாக முளைக்கவில்லை. மொத்தக் குடும்பமும் மண்டி போட்டு நட்டது. என் டிராக்டரை வைத்து நான் சமன் செய்து கொடுத்த இடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லா இருக்கு சம்பந்தி, இது ஆகாது" என்று திரும்பக் கிளறச் சொன்னார். செய்த வேலையைக் கெடுக்கச் சொல்லி ஒருத்தர் டீ வாங்கிக் கொடுத்தது என் வாழ்க்கையில் அப்போதுதான்.

சூளையில் கடைசியாகச் சுட்ட கல்லை வைத்து, மைதானத்தைச் சுற்றிலும் வீடு கட்டி விற்றார் சம்பந்தி. குடிவந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஆடத் தெரியாது. ஆனால் தொப்பி எல்லோரிடமும் இருந்தது. அவர்கள் ஒரு கமிட்டி போட்டு, சூளையின் பழைய புகைபோக்கியை இனிமேல் 'நினைவுச் சின்னம்' என்றுதான் சொல்ல வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அதன் காலடியில் குடியிருந்த சம்பந்தியின் அக்கா, "அப்போ நான் யாரு, செலையா?" என்று கேட்டார்.

அந்த அக்காதான் அந்த வீட்டில் எல்லாம். அப்பா அம்மா போனபிறகு தம்பிகளை வளர்த்து ஆளாக்கியவர். எங்கள் மைதானத்தில் பந்து விழ மொத்தம் ஒன்பது குழி. 'குழி' என்ற வார்த்தை வீட்டில் கேட்கக்கூடாது என்று அக்கா சொன்னதால், கல் அறுக்கிற இடத்தைச் சொல்வதுபோல 'களம்' என்றே சொன்னார்கள். ஆளுக்கு ஒரு களத்தை வெட்டி, புல் நட்டு, பராமரிக்க வேண்டும். அதுவரை சரி. அப்புறம் நம்பர் போட்டார்களே, அங்கேதான் கோட்டை விட்டார்கள். ஆடுகிறவர்கள் நம்பர் வரிசைப்படிதான் ஆட வேண்டும்; இவர்கள் வயசுப்படி போட்டுவிட்டார்கள்.

மூத்தவர் அக்கா; ஒன்றாம் களம் அவர் வீட்டோரம், கடைக்கோடியில். இரண்டு சம்பந்தியுடையது, கிழக்கு மூலையில். மூன்று அவர் தம்பியுடையது, மேற்கில், வீடுகளை ஒட்டி. தம்பி ஜன்னல் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். அந்த இடத்தை அவர் ஏன் கேட்டு வாங்கினார் என்று முதல் வாரமே எல்லோருக்கும் விளங்கிவிட்டது. வாசலில் இருக்கிற களம் கடைக்குட்டியான என் மாப்பிள்ளைக்கு. நம்பர் ஒன்பது.

கோல்ஃப் சங்கத்திலிருந்து ஒருத்தர் சோதனைக்கு வந்தார். சங்கம் ஒத்துக்கொண்டால்தான் போட்டி நடத்தலாம். வீடு விற்கும்போது சம்பந்தி எல்லோருக்கும் கொடுத்த வாக்கு அது. வந்தவர் கடைக்கோடிக்கு நடந்தார், கிழக்கே நடந்தார், மேற்கே நடந்தார். குறுக்கே வந்த பந்து ஒன்று அவர் தொப்பியைத் தட்டிக்கொண்டு போனது.

"இங்க ஆடுறதை விட நடக்கிறதுதான் அதிகமா இருக்கு. வாசல்ல இருக்கிறது ஒண்ணு, அங்கிருந்து வரிசையா சுத்தி வந்து கடைக்கோடி ஒன்பது. மாத்தி வைங்க, அடுத்த மாசம் வர்றேன்" என்றார் குனிந்து தொப்பியை எடுத்துக்கொண்டே.

இதை அக்காவிடம் யார் சொல்வது? சம்பந்தி சொன்னார்.

"அப்போ நான் ஒன்பதா?" என்றார் அக்கா. "உனக்கு மூக்கு சிந்தி விட்டது யாருடா? நேத்து வந்த தொப்பிக்காரன் சொன்னான்னு என்னைக் கடைசியில தள்ளுறியா? தள்ளு. நான் பொட்டியைக் கட்டுறேன்."

சம்பந்திக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. "அக்கா போயிட்டா இந்த மைதானம் எனக்கு எதுக்குங்க? அக்கா இருந்தா சங்கம் போயிடும், இத்தனை குடும்பத்துக்குச் சொன்ன வாக்கு போயிடும்" என்றார்.

நான் ஒரு யோசனை சொன்னேன். நம்பரே வேண்டாம், பூ பேர் வைத்துவிடலாம் என்று. அரைமணி நேரத்தில் ரோஜாவுக்கு நான்கு பேர் சண்டை. கண்ணாடிக்கடைத் தம்பிக்கு எருக்கம்பூ என்று யாரோ சொல்ல, அவர் பாதிச் சாப்பாட்டில் இலையை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனார். என் யோசனையை அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை.

அப்போதுதான் பேத்தி பிறந்தாள். அந்த வீட்டில் அக்காவுக்கு அப்புறம் பிறந்த முதல் பெண் வாரிசு. ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்தபோது, காரை வாசல் களத்தருகே நிறுத்தச் சொன்னார் சம்பந்தி. கோபத்திலும் பிள்ளையைப் பார்க்க அக்கா வந்து நின்றிருந்தார். முதலில் வாங்கியிருக்க வேண்டியது என் கைதான். சம்பந்தி என்னைத் தாண்டி அக்காவிடம் கொடுத்தார். போகட்டும்.

"அக்கா, என் பையன் தன் களத்தைப் பாப்பாவுக்கு எழுதி வச்சுட்டான். நம்பர் என்ன போடலாம்? நீயே சொல்லு."

"இது என்னடா கேள்வி? நம்ம வீட்டு மகாராணிக்கு ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு, சட்டென்று நிமிர்ந்தார் அக்கா. "டேய், என்னை மடக்கப் பார்க்கிறியா?"

"மடக்கத்தான்க்கா. வேற வழி தெரியலை. நீ மாட்டேன்னா பழைய நம்பரே இருக்கட்டும். சங்கத்துக்காரனை நான் அனுப்பிடுறேன், ஜனங்ககிட்ட கையெடுத்துக் கும்பிட்டுக்கிறேன்."

அக்கா பிள்ளையைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். "கப்பு எங்க வச்சுக் குடுப்பாங்க?"

"கடைசிக் களத்துலதான். எல்லாரும் அங்கதான் வந்து கைதட்டுவாங்க."

"யாரு குடுப்பா?"

"உன்னைத் தவிர எவ குடுப்பா?"

"அப்போ ஒன்பதையே எனக்குப் போடு. இந்தத் தொப்பிப் பசங்க என் வீட்டு வாசலுக்கு வந்துதானே வாங்கணும்" என்றார் அக்கா. மற்றவர்களுக்கு எந்த நம்பர் என்று கேட்கக்கூட அவருக்கு நேரமில்லை. பிள்ளையின் காதைத் தடவிக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

சங்கத்துக்காரர் மறுபடி வந்தார், சுற்றி வந்தார், கையெழுத்துப் போட்டார்.

இன்றைக்குக் காலையில் முதல் போட்டி. வாசல் களத்தில் கமிட்டித் தலைவர் புதுத் தொப்பியோடு காலை அகட்டி நின்று, முதல் அடிக்காகக் குச்சியை ஓங்கினார். பக்கத்தில் பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற சம்பந்தி, ஒரு கையை நீட்டித் தடுத்தார்.

"மெதுவா அடிங்க சார், ஓனரம்மா இப்பதான் கண்ணசந்தாங்க."